1847-ல் 'சுரங்கத் தொழிலாளி', 1889-ல் 'விவசாயி': ஒரு கார்னிஷ் எள்ளுத்தாத்தாவின் வாழ்க்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான். அடிலெய்டில் மகனோடு இருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய மருமகள் ஆஸ்திரேலியப் பெண். சம்பந்தியம்மாவின் எள்ளுத்தாத்தா 1847-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவராம். கையில் இருப்பது ஒரே ஒரு தாள். பிறந்த ஊர் கார்ன்வாலில் குவெனாப். வந்தபோது தொழில் 'சுரங்கத் தொழிலாளி'. பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றது 1849-ல் பர்ரா, 1853-ல் காசில்மெய்ன், 1856-ல் மறுபடி பர்ரா, 1863, 1865, 1868-ல் மூண்டா. 1889-ல் மெயிட்லண்ட் பக்கத்தில் இறந்தபோது தொழில் 'விவசாயி'. "பேத்தி பள்ளிக்கூடத்துக்கு எழுதணும் என்கிறாள். இந்தத் தாளை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் எப்படி வாழ்ந்தார் என்று சொல்ல முடியுமா?"

முடியும் அம்மா. உங்களிடம் இருப்பது சின்னத் தாள் இல்லை. சுரங்கக்காரர்களின் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பிள்ளைகள் பிறந்த ஊர்களைத்தான். தாது எங்கே கிடைத்ததோ அங்கே அவர்கள் போனார்கள், போன இடத்தில் பிள்ளை பிறந்தது. அந்த ஊர்களை வரிசையாகப் படித்தாலே ஒரு மனிதனின் நாற்பது வருடம் தெரிந்துவிடும். ஒரு தரம் கப்பலேறி வந்து இறங்கியதோடு முடிந்த கதை இல்லை இது. அவர் குறைந்தது ஐந்து முறை வீட்டைக் கலைத்து எழுந்திருக்கிறார்.

நான் இதில் இவ்வளவு ஆர்வம் காட்ட ஒரு காரணம் உண்டு. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அங்கே வேலையைக் கையில் எடுத்தபோது மேற்பார்வைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி இதே கார்ன்வால்காரர்கள். அடியில் இறங்கி உடைத்தவர்கள் வட ஆற்காட்டிலிருந்து போன நம் ஆட்கள். அதில் என் தாத்தாவின் அப்பாவும் ஒருவர். தெற்கு ஆஸ்திரேலியாவின் செம்புச் சுரங்க ஊர்களான பர்ராவிலும் மூண்டாவிலும் நிற்கும் கல் எஞ்சின் கட்டடங்களை முதல் தடவை பார்த்தபோது அந்நிய இடத்துக்கு வந்த உணர்வே எனக்கு வரவில்லை.

முதலில் ஒரு திருத்தம். 'இங்கிலாந்துக்காரர்' என்று எழுதுவது சட்டப்படி சரி. ஆனால் கார்ன்வால்காரர்கள் தங்களைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை அது, மூன்று பக்கமும் கடல். வெல்ஷ் மொழிக்கு உறவான சொந்த மொழி ஒன்று அவர்களுக்கு இருந்தது. உங்கள் எள்ளுத்தாத்தா காலத்துக்குள் அது பேச்சிலிருந்து போய்விட்டது, பெயர்களில் மட்டும் தங்கிவிட்டது. சம்பந்தி வீட்டுக் குடும்பப்பெயர் ட்ரெ, போல், பென் என்று தொடங்கினால் அது அந்த மொழியின் மிச்சம். ட்ரெ என்றால் குடியிருப்பு, போல் என்றால் குளம், பென் என்றால் முனை. நம்மூரில் பட்டி, குளம், முனை என்று ஊர்ப்பெயர்கள் முடிவதைப் போலத்தான். பேத்திக்கு இது பிடிக்கும்.

சரி, குவெனாப். அந்தக் காலத்தில் அதைப் 'பழைய உலகத்தின் மிகச் செல்வமான சதுர மைல்' என்று சொன்னார்கள். செல்வம் செம்பு. ஆனால் அந்தச் செல்வம் கூலிக்காரர் வீட்டுக்கு வந்ததாக நினைக்கக்கூடாது. சுரங்கங்கள் ஆழமாகப் போயிருந்தன. வேலைக்கு இறங்குவதும் ஏறுவதும் ஏணியில். பகல் முழுக்கப் பாறை உடைத்துவிட்டு, ஆயிரம் அடிக்கும் மேல் ஏணியில் ஏறி வெளியே வர வேண்டும். 1842-ல் குவெனாப் திருச்சபை வட்டத்திலேயே இருந்த ட்ரெசவியன் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் ஒன்றை இங்கிலாந்திலேயே முதன்முதலாக மாட்டினார்கள். மேலும் கீழும் ஆடும் நீளமான கம்பத்தில் படி படியாக மாறி நிற்கும் ஏற்பாடு. உங்கள் ஆள் இளைஞராக இருந்தபோது ஊரே பேசிய விஷயமாக அது இருந்திருக்கும்.

அவர் கிளம்பிய வருடத்தைக் கவனியுங்கள், 1847. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியது உலகத்துக்கே தெரியும். அதே நோய் கார்ன்வாலிலும் பரவியது. 1847-ல் தானிய விலை ஏறி, சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டமாகச் சந்தைகளுக்கும் துறைமுகங்களுக்கும் போய், தானியத்தை வெளியூருக்கு ஏற்றாதே, நியாய விலைக்கு விற்று விடு என்று மறித்தார்கள். ஊரில் பசி இருக்கும்போது, இன்னொரு பக்கம் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து செம்பு கிடைத்துவிட்டது, சுரங்க வேலை தெரிந்தவன் வேண்டும், கப்பல் செலவு இலவசம் என்று செய்தி வருகிறது. யாராக இருந்தாலும் கிளம்புவார்கள்.

இலவசம் எப்படி என்று பேத்தி கேட்பாள். தெற்கு ஆஸ்திரேலியா 1836-ல் தொடங்கிய குடியேற்றம். கைதிகளை அனுப்புவதில்லை என்று முடிவு செய்து தொடங்கியது. அரசாங்கம் நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் கூலி வேலைக்கு ஆட்களை அழைத்து வந்தது. கல்யாணமான இளம் ஜோடிகளுக்கு முன்னுரிமை. நல்லவர், உடல் திடமுள்ளவர் என்று சான்று காட்ட வேண்டும். பெரும்பாலும் பிளிமத் துறைமுகத்தில் ஏறினார்கள். மூன்றிலிருந்து நான்கு மாதம் கடலில். கீழ்த்தளத்தில் பலகைப் படுக்கை, ஆளுக்கு ஒன்றரை அடி அகலம். தனி ஆண்கள் முன்பக்கம், தனிப் பெண்கள் பின்பக்கம், குடும்பங்கள் நடுவில். உப்புக்கண்டம், கல் மாதிரி பிஸ்கட், ஓட்ஸ் மாவு. கைக்குழந்தைகளுக்குத்தான் அந்தப் பயணம் மிகக் கொடுமை. கப்பலில் இறந்த குழந்தைகளின் கணக்கை மருத்துவ அதிகாரியின் பதிவுகளில் பார்க்கலாம். உங்கள் குடும்பம் வந்த கப்பலின் பெயர் கிடைத்தால் அதையும் தேடிப் பாருங்கள்.

இப்போது பர்ரா. அடிலெய்டிலிருந்து வடக்கே 160 கிலோமீட்டர். 1845-ல் இரண்டு ஆட்டு இடையர்கள் தரையில் பச்சையும் நீலமுமாகக் கல் கிடப்பதைப் பார்த்தார்கள், தாமஸ் பிக்கெட், வில்லியம் ஸ்ட்ரேயர். விதிப்படி அந்த நிலத்தை வாங்க வேண்டுமென்றால் 20,000 ஏக்கரை மொத்தமாக 20,000 பவுண்டு ரொக்கம் கட்டி வாங்க வேண்டும். அப்போது குடியேற்றத்தில் அவ்வளவு பணம் தனி ஒரு கூட்டத்திடம் இல்லை. அடிலெய்டின் கடைக்காரர்கள் ஒரு கூட்டம், பணக்கார நிலக்காரர்கள் ஒரு கூட்டம். இரண்டும் சேர்ந்து பணம் கட்டி, நிலத்தை இரண்டாகப் பிரித்துச் சீட்டுப் போட்டார்கள். வடக்குப் பாதி கடைக்காரர்களுக்கு விழுந்தது. செம்பு இருந்தது அந்தப் பாதியில்தான். 1845 செப்டம்பரில் வேலை தொடங்கியது. அடுத்த பதினைந்து வருடத்துக்கு உலகச் செம்பில் ஏறக்குறைய 5 சதவீதம் அந்த ஒரு குழியிலிருந்து வந்தது. திவாலாகும் நிலையிலிருந்த குடியேற்றம் பிழைத்துக்கொண்டது. கம்பெனியின் செயலாளர் ஹென்றி அயர்ஸ். நடு ஆஸ்திரேலியாவின் சிவப்புப் பாறைக்கு, இன்று உலுரு என்று அதன் சொந்தப் பெயரில் அழைக்கிறோமே, அதற்கு வெள்ளைக்காரர்கள் வைத்தது இவர் பெயரைத்தான்.

உங்கள் எள்ளுத்தாத்தா குடும்பம் முதலில் எங்கே குடியிருந்தது என்று யாராவது கேட்டால், ஓடைக் கரையில் என்று சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. வேலைக்கு ஆள் வந்த வேகத்துக்கு வீடு இல்லை. பர்ரா ஓடையின் கரை களிமண். அதைக் குடைந்து அறை செய்து, உள்ளே வெள்ளையடித்து, குடும்பத்தோடு தங்கினார்கள். 1851 கணக்கெடுப்பில் அந்த வட்டாரத்தில் இருந்த சுமார் 4,400 பேரில் 1,800 பேர் இப்படிக் கரைக்குள் வாழ்ந்தார்கள். கரை மேல் நடக்கிறவனுக்கு வீடு தெரியாது. தரையிலிருந்து புகைக்கூண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் இரண்டை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே போய் நின்றிருக்கிறேன். தலை குனிந்து நுழைய வேண்டும், ஆனால் உள்ளே சில்லென்று இருக்கிறது. சுவரில் குந்தாலி கொத்திய தடம் வரிவரியாகத் தெரிகிறது. விரலை அதில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு கொத்தும் ஒரே சாய்வு, ஒரே ஆழம். நாள் முழுக்கப் பாறை கொத்துகிற கை, வீட்டுக்கு வந்தும் அதே அளவில்தான் கொத்தியிருக்கிறது.

கம்பெனி பிறகு கல் வீடுகள் கட்டியது. பாக்ஸ்டன் சதுக்கம் என்று 33 வீடுகள், 1849-க்கும் 1852-க்கும் இடையில் கட்டினார்கள், இப்போதும் நிற்கின்றன. ஆனால் அதற்கு வாடகை. ஓடைக்கரைக்கு வாடகை இல்லை. அதனால் ஆட்கள் நகரவில்லை. 1851-ல் ஓடை ஒன்றுக்கு மூன்று தடவை பெருகி வந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனபிறகுதான் கூட்டம் கூட்டமாக மேலே ஏறினார்கள். அதற்குள் டைபாய்டு உள்ளிட்ட காய்ச்சல்கள் எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுபோயிருந்தன. குடிப்பதும் கழுவுவதும் கழிவதும் அதே ஓடையில்.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேத்தியின் கட்டுரையில் இது இருந்தால் அந்த மனிதர் உயிரோடு எழுந்து வருவார்.

கார்ன்வால் முறையை அப்படியே பர்ராவுக்குக் கொண்டுவந்தார்கள். மேலாளருக்குப் பெயர் 'கேப்டன்'. கப்பலுக்கும் பட்டாளத்துக்கும் சம்பந்தமில்லை, சுரங்கத்தின் தலைவர் கேப்டன். பர்ராவில் 1847 முதல் இருபது வருடம் தலைமைக் கேப்டன் ஹென்றி ரோச். கூலி இரண்டு வகை. ஒன்று ட்ரிபியூட். அதற்கு நம்மிடம் சரியான சொல் இருக்கிறது, வாரம், அதாவது விளைச்சலில் பங்கு. வாரத்துக்கு நிலம் உழுகிற மாதிரி, ஒரு குழு சுரங்கத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, வெட்டி எடுக்கும் தாதுவின் மதிப்பில் பவுண்டுக்கு இத்தனை ஷில்லிங் எங்களுக்கு என்று பேசிக்கொள்வார்கள். இன்னொன்று டட்-வொர்க். அது அளவுக் கூலி, ஒரு பாகம், அதாவது 6 அடி, தோண்டினால் இவ்வளவு. குழி இறக்குவதற்கும் வழி வெட்டுவதற்கும் இந்த முறை.

வாரம் பேசுவது ஏலத்தில். குறிப்பிட்ட நாளில் எல்லோரும் அலுவலகத்துக்கு முன்னால் கூடுவார்கள். கேப்டன் ஒவ்வொரு பகுதியாகச் சொல்வார். ஆட்கள் விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்பார்கள், பன்னிரண்டு ஷில்லிங், பதினொன்று, பத்தரை. கார்ன்வாலில் ஒரு வழக்கம், கேப்டன் ஒரு கூழாங்கல்லை மேலே எறிவார். கல் தரையில் விழுவதற்குள் கடைசியாகக் கேட்டவனுக்கு அந்தப் பகுதி. கல் காற்றில் இருக்கும் அந்த இரண்டு வினாடியில் ஒருவன் தன் குடும்பத்தின் அடுத்த இரண்டு மாதச் சாப்பாட்டை முடிவு செய்தாக வேண்டும். பாறையைப் பார்த்தே இதற்குப் பின்னால் தாது ஓடுகிறதா என்று சொல்லத் தெரிந்தவன் பிழைப்பான். தெரியாதவன் கடனில் விழுவான், ஏனென்றால் மெழுகுவத்தி, வெடிமருந்து, உளி கூர் தீட்டும் செலவு எல்லாம் அவன் கணக்கில் ஏறும். உங்கள் எள்ளுத்தாத்தாவைப் படிக்காத கூலி என்று நினைத்துவிடாதீர்கள். கைநாட்டு வைத்திருக்கலாம். ஆனால் பாறையைப் படிக்கத் தெரிந்தவர்.

உள்ளே வெளிச்சம் தலையில். கெட்டியான தொப்பியின் முன்னால் ஈரக் களிமண் உருண்டையை அப்பி, அதில் மெழுகுவத்தியைக் குத்தி வைத்துக்கொள்வார்கள். ஒருவன் இரும்பு உளியைப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பான். மற்றவர்கள் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். அரைகுறை வெளிச்சத்தில் சம்மட்டி ஒரு விரல் தள்ளி விழுந்தால் பிடித்திருப்பவனின் கை போயிற்று. அதனால் சொந்த அண்ணன், தம்பி, மச்சான் என்று குழு சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டை போட்டபின் கறுப்பு வெடிமருந்து திணித்து, திரி வைத்துக் கொளுத்திவிட்டு ஒதுங்குவார்கள். அந்தப் பாதுகாப்புத் திரியும் கார்ன்வால்காரர்கள் ஊரில் பிறந்ததுதான், 1831-ல் வில்லியம் பிக்ஃபோர்ட் கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் எத்தனையோ பேர் எதிர்பாராமல் வெடித்துச் செத்தார்கள்.

சாப்பாடு பேஸ்ட்டி. நம் சோமாசி தெரியுமல்லவா, அதே அரைவட்டம், அதே ஓர மடிப்பு. அளவு மட்டும் ஒரு கை நீளம். உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப். வீட்டுக்காரி ஒரு மூலையில் புருஷன் பெயரின் முதல் எழுத்தை மாவாலேயே ஒட்டிவிடுவாள், பாதி சாப்பிட்டு வைத்தாலும் யாருடையது என்று தெரியட்டும் என்று. மூண்டா பேக்கரிகளில் இன்றும் விற்கிறார்கள்.

அந்த வீட்டுக்காரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்ன்வாலில் அவள் கல்யாணத்துக்கு முன் சுரங்க வாசலில் சுத்தியலால் தாது உடைத்தவளாக இருக்கலாம். அந்த வேலையைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த வேலை சிறுவர்களுக்குப் போனது. 'பிக்கி பையன்கள்' என்று அவர்களுக்குப் பெயர், நல்ல தாதுவையும் வெறும் கல்லையும் பிரித்துப் பொறுக்குகிறவர்கள். அதே குவெனாப்பில் 1856-ல் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்து, சின்ன வயதிலேயே மூண்டாவில் வேலைக்குப் போன ஜான் வெரான் 1910-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் முதலமைச்சரானார்.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. 1848 செப்டம்பரில் தாதுவின் தரத்தைக் கம்பெனி குறைத்து மதிப்பிடுகிறது என்று வாரக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் இழுத்த அந்த நிறுத்தம்தான் தெற்கு ஆஸ்திரேலியாவின் முதல் பெரிய வேலைநிறுத்தம். உங்கள் ஆள் அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும். 1849-ல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால், மனைவி கர்ப்பமாக இருந்திருக்கக்கூடிய மாதங்கள் அவை. வருமானம் இல்லாத ஒரு கோடையை அந்தக் குடும்பம் எப்படித் தள்ளியது என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வரி, 1853, காசில்மெய்ன். இது விக்டோரியா. 1851-ல் அங்கே தங்கம் கிடைத்ததும் பர்ரா காலியாகிவிட்டது. தண்ணீர் இறைக்க ஆள் இல்லாமல் எஞ்சின் நின்று, சுரங்கத்தில் நீர் ஏறியது. தெற்கு ஆஸ்திரேலியா அரசாங்கமே பயந்துபோய், போனவர்களின் தங்கத்தையாவது இங்கே கொண்டுவருவோம் என்று குதிரைப் போலீஸ் காவலோடு வண்டி அனுப்பியது. அலெக்சாண்டர் டால்மர் தலைமையில் முதல் வண்டி 1852 மார்ச்சில் அடிலெய்டுக்கு வந்து சேர்ந்தது.

பெரும்பாலான ஆண்கள் மனைவி மக்களை விட்டுவிட்டுத்தான் போனார்கள். உங்கள் தாளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் காசில்மெய்னில் நடந்திருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பெண்ணும் போயிருக்கிறாள். 600 கிலோமீட்டருக்கு மேல். தரைவழி என்றால் மரே ஆற்றைத் தாண்டி, தண்ணீரில்லாத மல்லீ புதர்க்காட்டில் மாட்டு வண்டி. கடல்வழி என்றால் மெல்போர்ன் போய் அங்கிருந்து நடை. கையில் நான்கு வயதுப் பிள்ளை. போய்ச் சேர்ந்தால் கித்தான் கூடாரம். தோண்டுகிற ஒவ்வொருவனும் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அந்தக் கட்டணத்தின் மேல் இருந்த கோபம்தான் 1854 டிசம்பரில் பல்லாரட்டில் யுரேக்கா கலவரமாக வெடித்தது. இந்தத் தாளில் எனக்கு மிகப் பெரிய வரி இதுதான். அந்த அம்மாவின் பெயரைப் பேத்தி கண்டுபிடித்து எழுத வேண்டும்.

1856-ல் பர்ராவுக்குத் திரும்பிவிட்டார்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆற்று மணலில் தங்கம் அரிப்பது யாரும் செய்யக்கூடிய வேலை. கார்ன்வால்காரனுக்குப் பிடித்தது ஆழமான பாறை.

பிறகு மூண்டா. யார்க் தீபகற்பத்தில் 1859-ல் வாலரூ, 1861-ல் மூண்டா, இரண்டிலும் செம்பைப் பார்த்தது மறுபடியும் இடையர்கள்தான். பர்ராவின் தாது குறைந்துகொண்டே வந்தது, அந்தச் சுரங்கம் 1877-ல் மூடப்பட்டது. ஆட்கள் மூண்டாவுக்கு நகர்ந்தார்கள். 1866-ல் கார்ன்வாலிலேயே செம்புத் தொழில் விழுந்தபோது அங்கிருந்தும் வந்து குவிந்தார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் உடனே 'ஊரில் என் சொந்தக்காரன் ஜாக் இருக்கிறான், வரச் சொல்லட்டுமா' என்பார்களாம். அதனால் கார்ன்வால்காரர்களுக்கே உலகமெங்கும் 'கசின் ஜாக்' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1870-களில் மூண்டாவில் சுமார் 12,000 பேர், தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கு அடுத்த பெரிய ஊர் அது.

அங்கே அவர்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள், மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் பைன் மரமும் வைத்து. நிலம் கம்பெனியின் குத்தகை. வீடு உன்னுடையது, அது நிற்கும் மண் உன்னுடையது இல்லை. ஆறு கிடையாது, மழைநீர்தான், கோடையில் தண்ணீரைக் காசுக்கு வாங்கினார்கள். இங்கேயும் டைபாய்டு. மூண்டா கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல் இல்லாத குழந்தைகளின் பகுதி ஒன்று உண்டு.

மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கோயில் இல்லாமல் மூண்டாவைப் பற்றிப் பேச முடியாது. 1865-ல் கட்டிய பெரிய கோயில் ஒன்றில் 1,200 பேருக்கு மேல் உட்காரலாம். சுரங்கத்தில் ஒன்றாக உடைக்கிறவர்களே ஞாயிற்றுக்கிழமை மேடையேறிப் பிரசங்கம் செய்தார்கள், பாட்டுக் குழு நடத்தினார்கள். கூட்டத்தை நடத்துவதும் பேசுவதும் அங்கே பழகியதால்தான் பிறகு சங்கம் கட்டவும் அவர்களுக்குத் தெரிந்தது. 1874-ல் கூலி குறைத்தபோது வேலைநிறுத்தம். எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தவர்களைப் பெண்கள் விளக்குமாற்றோடு போய்த் துரத்தினார்கள். உங்கள் எள்ளுப்பாட்டி அப்போது மூண்டாவில் இருந்திருந்தால், வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். அந்தக் கூட்டத்தில் நின்றாரா என்று என்னால் சொல்ல முடியாது. விளக்குமாறு நிச்சயம் வீட்டில் இருந்திருக்கும்.

கடைசி வரி 'விவசாயி'. இது தற்செயல் இல்லை. 1869-ல் ஸ்ட்ராங்வேஸ் சட்டம் வந்தபிறகு கூலிக்காரனும் தவணையில் நிலம் வாங்க முடிந்தது. மெயிட்லண்ட் ஊரே 1872-ல்தான் உருவானது. இருபது, முப்பது வருடம் தூசியை மூச்சில் இழுத்த மனிதனுக்கு வெட்டவெளியில் வேலை என்பதே பெரிய விடுதலை. ஆனால் அந்த நிலம் மல்லீ மரங்கள் நிறைந்தது. மேலே வெட்டினாலும் அடியில் வேர்க்கட்டை கல் மாதிரி கிடக்கும், கலப்பை மோதி உடையும். 1876-ல் அதே தீபகற்பத்தில் ரிச்சர்ட் பவ்யர் ஸ்மித் ஒரு கலப்பை செய்தார். ஒவ்வொரு கொழுவும் தனித்தனிக் கீலில் மாட்டியிருக்கும். கட்டையில் மோதினால் அது மட்டும் மேலே எழும்பித் தாண்டி மறுபடி மண்ணில் இறங்கும். உங்கள் ஆளின் நிலத்தில் அந்தக் கலப்பை ஓடியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை விட்டுவிட்டால் அந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 'குடியேறினார்' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள். பர்ரா ஙட்ஜுரி மக்களின் மண். ஆட்டுப் பண்ணைகளும் சுரங்கமும் வந்து, மலைகளிலிருந்த மரமெல்லாம் உலைக்கும் சுரங்கத்துக்கும் போய், நோயும் பரவி, சில பத்து வருடத்தில் அவர்கள் தங்கள் இடத்திலேயே இல்லாமல் போனார்கள். யார்க் தீபகற்பம் நருங்கா மக்களுடையது. மூண்டா, வாலரூ, காடினா மூன்றும் அவர்கள் மொழியிலிருந்து வந்த பெயர்கள். 1868-ல் அவர்களை பாயிண்ட் பியர்ஸ் என்ற மிஷனில் சேர்த்தார்கள். அது மெயிட்லண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதாவது உங்கள் எள்ளுத்தாத்தா உழுதுகொண்டிருந்தபோது, அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் கொஞ்ச தூரத்தில் அடைபட்டு இருந்தார்கள். பசிக்குப் பயந்து ஓடிவந்த மனிதரும் அவர்தான், பிறருடைய மண்ணில் உட்கார்ந்தவரும் அவர்தான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். நருங்கா மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

இனித் தேட வேண்டியவை. தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறப்பு இறப்புப் பதிவு 1842-லேயே தொடங்கிவிட்டது. கப்பல் பட்டியல்களுக்கு அடிலெய்டில் மாநில நூலகத்தைக் கேளுங்கள். பழைய செய்தித்தாள்கள் எல்லாம் ட்ரோவ் இணையதளத்தில் இலவசம். குடும்பப்பெயரோடு 'மூண்டா' என்று போட்டுத் தேடினால் விபத்து, கோயில் விழா, நிலம் விற்ற விளம்பரம் என்று ஏதாவது ஒன்று சிக்கும். குவெனாப் திருச்சபைப் பதிவுகளைத் தன்னார்வலர்கள் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். மெதடிஸ்ட் போதகர்கள் ஊர் ஊராகச் சுற்றியவர்கள் என்பதால் ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மாதக்கணக்கில் வித்தியாசம் இருக்கலாம்.

கடைசியாக, உங்கள் தாளில் என் கண் மறுபடி மறுபடி போய் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. 1849, 1853, 1856. பிறகு 1863, 1865, 1868. நடுவில் ஏழு வருடம் காலி. இரண்டிலிருந்து நான்கு வருடத்துக்கு ஒரு பிள்ளை பெற்ற வீட்டில் அது இயல்பான இடைவெளி இல்லை. அவர் தனியாக எங்காவது வேலைக்குப் போயிருக்கலாம். ஞானஸ்நானப் பதிவு தொலைந்திருக்கலாம். அல்லது பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்ட பிள்ளைகள் இருக்கலாம். 1856-லிருந்து 1863 வரைக்குமான பர்ரா அடக்கப் பதிவேட்டை முதலில் பாருங்கள். குடும்பப்பெயர் மட்டும் இருக்கும், பக்கத்தில் வயது மாதக் கணக்கில் எழுதியிருக்கும்.